இரண்டாவது சோடி

கஜந்தினி இதுவரை பத்துக் கிலோமீட்டர் போட்டிகளில்தான் ஓடியிருக்கிறாள். ஏப்ரலில் மரதன் ஓட்டம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இன்று முதன்முறையாக முப்பது ஓடிப் பழக வேண்டும்.

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவள் தனியாகக் குடியிருந்தாள். கடைக்காரர் தனோஜன் அவளுடைய புதுச் சப்பாத்து ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தேசிக்காயை வைத்தார்.

“இது புது வான் வாங்கினா சில்லுக்குக் கீழை வைச்செல்லோ நசிக்கிறது, அண்ணை?”

“இனி நீயும் வான்தான். மிதி பிள்ளை!”

மிதித்துவிட்டு ஓடினாள். கால்வாயோரமாக ஒபர்வில்லியே புறநகரைத் தாண்டிப் போய்த் திரும்பினாள். கடைசி இரண்டு கிலோமீட்டரும் நொண்டி நொண்டித்தான் வந்தாள். நாற்பத்திரண்டு தன்னால் ஆகாது என்றே தோன்றியது.

தனோஜன் அவளைப் பார்த்து விழித்தார். “இப்பதானே மேலை போனாய்? நாப்பத்திரண்டும் முடிச்சிட்டன் எண்டு கத்திக்கொண்டு?”

படியடியில் அவள் காலில் இருந்ததைப் போலவே இன்னொரு சோடிச் சப்பாத்து கிடந்தது. அடிப்பாகம் நன்றாகத் தேய்ந்திருந்தது. அதன் பள்ளமொன்றில் தேசிக்காய் விதை காய்ந்து ஒட்டியிருந்தது. கஜந்தினி தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். அதே இடத்தில் அதே விதை, ஈரமாக.

“அண்ணை, மேலை போகேக்கை நான் நொண்டினனானோ?”

“எங்கை! சிரிச்சுக்கொண்டெல்லோ ஏறினாய்.”

அவள் தன் சப்பாத்துகளைக் கழற்றி அந்தச் சோடிக்குப் பக்கத்தில் வைத்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினாள். மேலே அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது.