பிரேக் பார்க்க வந்தவர்

"பிரேக் பாக்க வந்திருக்கேனுங்க. வண்டி எங்க நிக்குது?"

எஸ்டேட் கேட்டில் காக்கிச் சட்டையோடு நின்ற ஆளைக் கண்டதும் பொன்னுவேல் சாவியை எடுக்க ஓடினான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தே விட்டார்!

காலையில்தான் டிரைவிங் ஸ்கூல் அருண்குமார் போன் போட்டிருந்தான். "அண்ணா, லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு இன்னிக்கு பிரேக் இன்ஸ்பெக்டரே மலைக்கு வர்றாருங்க. உங்க எஸ்டேட் வண்டியிலயே ஓட்டிக் காட்டிரலாம். ரெடியா இருங்க."

வண்டி என்றால் லேசுப்பட்ட வண்டியா? டூரிஸ்ட்டுகளை ஏற்றி ஊர் சுற்ற, எஸ்டேட் மேடம் சசிரேகா வாங்கிப் போட்டது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்த முழு நீள பஸ். மஞ்சக்குட்டை ஊர்க்காரர்கள் அதற்கு 'மோட்டார் ஊடு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பொன்னுவேலிடம் இருந்த ஜீப் லைசென்ஸை வைத்துக்கொண்டு அதைக் கழுவலாம், ஓட்ட முடியாது. "ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வா, டிரைவர் வேலை உனக்குத்தான். இந்தத் தடவையும் பெயிலானா சேலத்துல இருந்து ஆள் போட்டுருவேன்" என்று மேடம் சொல்லியிருந்தார்.

இருபத்தாறு வருசம் காப்பி மூட்டை சுமந்த முதுகு அது. உட்கார்ந்தபடி சம்பாதித்தால் எப்படி இருக்கும் என்று அதற்கும் ஓர் ஆசை இருக்காதா?

ஏற்கெனவே இரண்டு தடவை பெயில். இரண்டு தடவையும் ஒரே குற்றம்தான். பயத்தில் சும்மா சும்மா பிரேக்கை மிதித்துத் தொலைத்தது.

களை வெட்டிக்கொண்டிருந்த ஆராயி, புருசன் சாவியோடு போவதைப் பார்த்து ஓடி வந்தாள். "ஏனுங்க, சேர்வராயன் சாமிய நெனச்சுக்கிட்டு ஏறுங்க. போன தடவையாட்டம் சடக்குனு பிரேக்கப் போட்டு ஆபீசர் மூக்க ஒடச்சராதீங்க!"

"மானத்த வாங்காம போ புள்ள!"

காக்கிச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயருக்குள் எட்டிப் பார்த்தார். எதையோ தடவி மோந்து பார்த்தார். கையில் ஒரு காகிதம்கூட இல்லை, நகமெல்லாம் ஒரே கரி. 'எவ்வளவு கறாரான ஆபீசர்! எல்லாவற்றையும் மண்டையிலேயே குறித்துக்கொள்கிறார்' என்று பொன்னுவேல் மலைத்துப் போனான்.

"சரி, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார் அவர்.

"எந்தப் பக்கமுங்க சார்?"

"எங்க ஓட்டுனா நல்லாத் தெரியுமோ, அங்க."

நம் திறமை நல்லாத் தெரிய வேண்டுமென்றால் இறக்கம்தான். பொன்னுவேல் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்து, கொண்டை ஊசி வளைவு பக்கம் திருப்பினான்.

"ஐயோ, இங்கயேவா?"

"இங்கதானுங்க சார் நல்லாத் தெரியும்!"

முதுகில் மூட்டையோடு சறுக்குப் பாறையில் இறங்குகிறவனைப் போல, முதல் கியரில் இம்மி இம்மியாக இறக்கினான். பிரேக் பக்கமே போகாதபடி காலை மடக்கி வைத்துக்கொண்டான்.

"ஏனுங்க, பிரேக்கு...?"

"தொட மாட்டேனுங்க சார்."

"தொடாமயே எறக்கிருவீங்களா?"

"ஒருக்காகூடத் தொட மாட்டேனுங்க. சத்தியமுங்க!"

ஆபீசர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முதல் வளைவில் பின்னாலிருந்த குக்கர் உருண்டு வந்தது. இரண்டாவது வளைவில் கக்கூஸ் கதவு திறந்து திறந்து கைதட்டியது. மூன்றாவது வளைவில், ஓரங்கட்டி நின்ற ஷேர் ஜீப்பிலிருந்து "மோட்டார் ஊடு போகுது டோய்!" என்று விசில் பறந்தது.

பொன்னுவேலுக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. நான்காவது வளைவை, தூளியில் பிள்ளையைத் திருப்பிப் போடுகிற மாதிரி அத்தனை பதமாகத் திருப்பினான். இறக்கம் முடிந்து மேடு ஏறத் தொடங்கியதும் வண்டி தானாகவே தளர்ந்து நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஜம்மென்று திரும்பிப் பார்த்தான்.

ஆபீசர் இறங்கி, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு பொன்னுவேலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முப்பது வருசமா வண்டிகளோடதான் கெடக்கறேன். இப்படி ஒரு டிரைவர நான் பாத்ததே இல்லீங்க!"

பொன்னுவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப... நான் பாஸுங்களா சார்?"

"பாஸா? நொம்ப நல்லாக் கேட்டீங்க போங்க. உங்களுக்கு மாலையே போடலாமுங்க!"

அதற்குள் போன் அடித்தது. அருண்குமார்தான்.

"அண்ணா, பிரேக் இன்ஸ்பெக்டர் இப்பத்தான் ஒண்டிக்கடை ஸ்டாப்புல வந்து எறங்குனாருங்க. டீ குடிச்ச கையோட கூட்டிட்டு வர்றேன். வண்டிய எங்கயும் எடுத்தராதீங்க!"

பொன்னுவேல் போனைப் பார்த்தான். கல்லில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான்.

"ஏனுங்க... அப்ப நீங்க யாருங்க?"

"மேடம் சொல்லலீங்களா? பிரேக்கே புடிக்கலைன்னு வரச் சொன்ன மெக்கானிக்குங்க!"