ஒரு சாண் உயர இருக்கை

உட்கார்ந்தாயிற்று. அது சுலபம். தொப்பென்று விழுந்தால் போதும், மிச்சத்தை இருக்கை பார்த்துக்கொள்ளும்.

இனி இறங்க வேண்டும்.

அதுவும் யார் கையையும் பிடிக்காமல்.

துடியலூர் வரை ஓட்டிப்போய்த் திரும்பியிருந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் கார் வீட்டு வாசலில் நின்றது. முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சூடு இன்னும் தெரிந்தது. வெளியே சாரல்.

திறந்த கதவருகே மகன் நந்தகோபால் குடையோடு நின்றான். அவனுக்குப் பின்னால், வண்டியை விலை பேசியிருந்த திருப்பூர்க்காரர்.

பேச்சு இதுதான். தானாக இறங்கி நின்றால் வண்டி அவளுடையது. யாராவது தூக்கிவிட வேண்டியிருந்தால், இன்றைக்கே திருப்பூர்க்காரர் ஓட்டிக்கொண்டு போவார். மகன் சொன்னான். அவள் சரி என்றாள். சொன்ன பேச்சை மாற்றுவது அவளுக்குப் பழக்கமில்லை.

வலது இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். மகன் டாக்டருக்கு மேல் டாக்டர்.

இத்தனைக்கும் விழுந்தது வண்டியில் இல்லை. வீட்டுக்குள், அப்போதுதான் துடைத்த கூடத்தில். பழி மட்டும் வண்டிக்கு.

அன்று அவளைத் தரையிலிருந்து தூக்கியவன் அவன்தான். அன்றைக்குப் பிடித்த பயம் அவனை இன்னும் விடவில்லை. பயத்தை அதட்டலாகத்தான் காட்டத் தெரியும் அவனுக்கு.

அவளுக்கு அறுபத்து நான்கு. வண்டிக்குப் பன்னிரண்டு.

முப்பது வருடம் பம்ப்செட் பட்டறை நடத்தியவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள். மஞ்சள் நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். இன்ஜின் நடுவில், இருக்கைக்கு நேர் பின்னே. முன்பக்கத்தைத் திறந்தால் உழவர் சந்தைத் தக்காளி இருக்கும். முதல் ஆயுத பூஜைக்கு வந்த குருக்கள் அங்கேதான் சந்தனம் வைத்து, பயபக்தியோடு தக்காளிக்குத் தீபாராதனை காட்டினார்.

கோயமுத்தூரில் இந்த மாதிரி வண்டிகள் இன்னும் நாலைந்து உண்டு. அவை உறை போர்த்திக்கொண்டு தூங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே வந்து, படம் எடுத்துக்கொண்டு, தூறல் விழுந்தால் வீட்டுக்கு ஓடும். பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டுவதற்குத்தானே வாங்கினோம்?

அவள் சித்திரை வெயிலில் ஓட்டினாள். ஐப்பசி மழையில் ஓட்டினாள். பல் டாக்டரிடம், கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு எல்லாம் அதிலேதான். வேகத்தடை வந்தால் கோணலாக ஏற்றி, மெல்ல இறக்குவாள். பின்னால் வரும் டவுன் பஸ்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும். தெரிந்த டிரைவர்கள்.

நாளைக்கு இது இல்லையென்றால், மருமகளின் பெரிய வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் கூட்டிப்போகிற இடத்துக்குப் போகலாம். நல்ல பெண்தான். இருந்தாலும் பின் இருக்கை பின் இருக்கைதான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வலது காலை வெளியே வைத்தாள். எழுந்தாள்.

பாதி வரை.

பிறகு தொப்பென்று மறுபடி உள்ளே.

திருப்பூர்க்காரர் நாகரிகமான மனிதர். பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தார்.

நந்தகோபால் வேறெங்கேயும் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான்.

எங்கே பிசகியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தது தப்பு. இரண்டு மாதமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். தினமும் இருபது தடவை. வண்டி இருக்கையின் உயரத்தை டேப்பால் அளந்து, அதே உயரத்துக்குத் தேடி வாங்கிய முக்காலி. அங்கே பிடிக்க ஸ்டியரிங் ஏது?

"ஏனுங்க அத்த, இத்தன நேரமாவா குளிக்கறீங்க?" என்று மருமகள் கதவைத் தட்டியதற்கு, முதுகு தேய்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

இரண்டு கால்களையும் வெளியே போட்டாள். ஒரு கை கதவுச் சட்டத்தில். ஒரு கை இருக்கை விளிம்பில். மூச்சை இழுத்தாள்.

அப்போது ஒரு கை அவள் முன்னால் நீண்டது.

நந்தகோபாலின் கை. குடையை எங்கோ போட்டிருந்தான்.

பந்தயம் வைத்தவனே அவன்தான். அந்தக் கை அதை மறந்துவிட்டது.

பிடித்தால் எழுந்துவிடலாம். பிடித்தால் வண்டி போய்விடும்.

அவளுக்குக் கோபம் வந்தது.

"கைய எடு சாமி. இடிச்சுக்கப் போறேன்."

அவன் எடுக்கவில்லை. காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

தலையைத் தாழ்த்தி, அந்தக் கையைத் தொடாமல், இடுப்பை முன்னே தள்ளி எழுந்தாள். புது மூட்டு சுருக்கென்றது. விடவில்லை. முழங்கால் நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்தது.

நின்றாள்.

சாரல் நேராக முகத்தில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை.

திருப்பூர்க்காரர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். வண்டியை ஒரு தடவை ஆசை தீரப் பார்த்துக்கொண்டார்.

"காப்பி சாப்பிட்டுத்தான் போகோணும்" என்றாள் அவரிடம்.

நந்தகோபால் அப்படியே நின்றான். நீட்டிய கையை மடக்கத் தோன்றவில்லை அவனுக்கு. அது மழையில் நனைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் போக இரண்டே படிகள். மூன்று மாதமாக அவள் தனியாகத்தான் ஏறுகிறாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.