இங்கே வந்தேன்

"அந்த வரி எங்கே, எபி?"

"எந்த வரிக்கா?"

"‘இங்கே வந்தேன்’னு திரையில அச்சடிக்குமே, நான் போட்டது."

"சோதனைக்குப் போட்டதுதானே? பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நிரல்ல இருந்த எல்லாரோட கிறுக்கலையும் துடைச்சிட்டேன். எப்பவும் செய்யறதுதான்."

பூங்கோதை பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டிருந்த அதே மாதிரிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி அது. அதன் நிரலில் இரண்டு இழைகள், அதாவது இரண்டு தனி வேலைகள், ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று சூட்டை அளந்து எழுதும். மற்றது அதைப் படித்துத் திரையில் காட்டி, அதற்கேற்பச் சூடேற்றும். படிக்கும் இழை சோம்பேறி. முதலில் படித்த எண்ணையே மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காது. அந்த ஒரு வரி குறுக்கே நின்றபோது மட்டும், என்ன காரணமோ, மறுபடி பார்த்தது. முறையான தடுப்பு போடத்தான் இன்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. இந்தப் பெட்டியிலயும் அதே நிரல்தான் ஓடுது. முப்பத்தாறு டிகிரியிலயே ஆடாம நிக்குது, பாருங்க."

"ஆடாமலா?"

"காலையிலேர்ந்து. உங்க நிரல் அவ்வளவு சுத்தம்."

அவள் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"வார்டுக்குப் போன் போடு."

"அதுக்குள்ள குழந்தையை வெச்சிருப்பாங்களா?"

"போடுடா!"

மறுமுனையில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. சிவந்த விரல்களை வாயில் வைத்தபடி அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு. மணி அடித்துக்கொண்டே இருந்தது.