குடுவையில் மிச்சம்

சோழி உருட்டியதில் சாமி ஓலுச்சியைத்தான் காட்டியது. தலைமுறைக்கு ஒரு பெண்தான் சபையேறுவாள். சாமியின் குடுவையில் கள் குடித்தவளின் வாயை அதன்பிறகு சபையில் யாரும் அடைக்க முடியாது.

சபைப் பெரியவர் ஒபியோராவுக்கு உள்ளூர நிம்மதி. ஊருக்குப் பொதுவான நைஜர் ஆற்றங்கரை மரவள்ளி நிலத்தை விற்கப்போகும் நேரத்தில் இந்த வாயில்லாப் பூச்சி வந்தது நல்லதாயிற்று.

"ம், மொத்தத்தையும் குடிம்மா."

ஓலுச்சி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். "தலை சுத்துது பெரியப்பா. மிச்சத்த வீட்டுக்குக் கொண்டுபோய் மெதுவாக் குடிக்கட்டுமா?"

சபையே சிரித்தது. "ஒரு குடுவைக் கள்ளத் தாங்கல, இவ எங்க நம்மள எதுத்துப் பேசப்போறா! கொண்டு போ தாயி."

மறுநாள் சபையில் ஒபியோரா நிலத்தை விற்கும் பேச்சை எடுத்ததுமே ஓலுச்சி எழுந்தாள்.

"அந்த மண்ணுல பாடுபடுறது பொம்பளைங்க நாங்க. விக்க விடமாட்டோம்."

"சொல்லிட்டேல்ல? ஒத்தக் குரல் எடுபடாது, உக்காரு."

வாசலில் சலசலப்பு. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள்.

"ஏய், குடுவையில குடிக்காதவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று ஒபியோரா கத்தினார்.

ஓலுச்சி காலிக் குடுவையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஆளுக்கு ஒரு வாய் குடிச்சாச்சு பெரியப்பா. இப்பச் சொல்லுங்க, யாரு முதல்ல பேசட்டும்?"