தனிப்படை வருகிறது

“ஆம்பூர் தோல் ஷெட்டுல எல்லாருக்கும் ஒரே கிளாஸ். நம்மூர் டீக்கடையில எனக்குக் கொட்டாங்குச்சி, ஏட்டய்யா” என்று மனு கொடுத்தான் முனிரத்தினம்.

ஏட்டு கிறிஸ்துராஜ் நேராக டீக்கடைக்குப் போனார்.

“வேதாசலம், தீண்டாமையை ஒழிக்க சர்க்கார் பணம் ஒதுக்கி போலீஸ் தனிப்படை போட்டிருக்குது. மஃப்டியில வருவாங்க. மாட்டினா ஜெயில்தான்.”

“எப்ப வருவாங்க சார்?”

“சொல்லிட்டா வருவாங்க?”

அன்றே கொட்டாங்குச்சிகள் அடுப்புக்குள் போயின. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு புது முகத்தையும் பார்த்து வேதாசலத்துக்கு வியர்த்தது. முனிரத்தினம் வந்தால், “பெஞ்சுல குந்துப்பா!” என்று ஊருக்கே கேட்கும்படி உபசரித்தார்.

ஒரு மாதம் கழித்து முனிரத்தினம் ஸ்டேஷனுக்கு வந்தான்.

“தனிப்படைக்கு ஒரு கும்பிடு போடணும் ஏட்டய்யா. எங்க இருக்காங்க?”

கிறிஸ்துராஜ் கதவைச் சாத்தினார்.

“பணம் ஒதுக்கின காயிதம் இன்னும் வேலூரையே தாண்டல. ஜீப்பும் இல்ல, ஆளும் இல்ல.”

“அப்போ இத்தினி நாளா கடையில காவல் இருந்தது யாரு?”

“வேதாசலம்தான். சம்பளமில்லாம பாக்குறான், கெடுத்துடாதே!”