காலி பண்ணாத எறும்பு

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அம்பர் கல் இருந்தது. ஒரு காலத்தில் மரத்திலிருந்து வழிந்த வெறும் பிசின்தான். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து இறுகி, இப்போது தேன் நிறத்தில் மின்னியது. அதன் வயிற்றுக்குள் ஓர் எறும்பு, ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது.

காலையில் கடை திறந்ததுமே அம்பர் ஆரம்பித்துவிடும். "எப்பத்தான் காலி பண்ணப்போறே? உன்னால என் அழகே கெட்டுப்போச்சு."

எறும்பும் விடாது. "நான் பாட்டுக்கு மரத்துல ஏறிட்டிருந்தேன். மேல வந்து விழுந்தது நீ."

ஒருநாள் ஓர் அம்மாள் வந்தார். "இது பிளாஸ்டிக் இல்லையே?" என்று கேட்டார். "பிளாஸ்டிக்னா பெரும்பாலும் மூழ்கிடும், பாருங்க" என்று கடைக்காரர் உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் அம்பரைப் போட்டார். அது ஜம்மென்று மிதந்தது.

"பாத்தியா, அசல்னா அசல்தான்!" என்று அம்பர் எறும்பிடம் பீற்றிக்கொண்டது.

அம்மாள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அட, உள்ளே எறும்பு! மீசைகூடத் தெரியுதே! இதையே கொடுங்க. எறும்பு இல்லாத கல்லெல்லாம் எனக்கு வேண்டாம்."

நகைப்பெட்டியில் வைத்து மூடியதும் அம்பர் மெல்லத் தொண்டையைச் செருமியது.

"ஏதோ கோபத்துல சொல்லியிருப்பேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க பாட்டுக்கு எங்கேயும் போயிடாதீங்க."

எறும்பு சொன்னது: "முதல்ல இந்தத் தூக்கின காலைக் கீழே வைக்க விடு. போறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."