வெட்டிவிட்ட தெப்பம்

தெப்பத்தின் கயிற்றை சூசைநாதன் பாராங் கத்தியால் வெட்டியதை அப்பாவு கண்ணால் பார்த்துவிட்டான்.

மூங்கில் தெப்பம் ஒருமுறை தட்டாமாலை சுற்றியது. பிறகு பிளஸ் ஆற்றின் செந்நிற வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது. தோட்டம் அக்கரையில். அவர்கள் மூன்று பேரும் இக்கரைக் காட்டில்.

அப்பாவு ஓடிவந்து சூசைநாதனின் சட்டையைப் பிடித்தான். ஓங்கி ஓர் அறை விட்டான்.

ரப்பர் பால்மரம் வெட்டுகிறவன் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைக் கைநீட்டி அடிப்பது சாதாரண விஷயமில்லை. சூசைநாதன் திருப்பி அடிக்கவில்லை. உதட்டில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி வடியட்டும், போலாம்" என்று மட்டும் சொன்னார்.

மீன் பிடிக்கலாம் என்று ஆசை காட்டி இழுத்து வந்ததே அவர்தான். ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து தோட்டத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அப்பாவுவின் மனைவி நல்லம்மாளுக்கு எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கிப்போய்க் கிடந்தாள். மேலாற்றில் கெலா மீன் கொழுத்துக் கிடக்கிறது, நாலு மீன் கொண்டுவந்து கொடுத்தால் உடம்பு தேறிவிடும் என்றார் சூசைநாதன். மழைக்காலமாயிற்றே என்று அப்பாவு தயங்கினான். அவர் விடவில்லை. ஜப்பானிய மேலாளரிடம் அனுமதிச் சீட்டுகூட வாங்கி வைத்திருந்தார். சுங்கை சிப்புட்டில் துணிக்கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்த பெத்தபெருமாளும் சேர்ந்துகொண்டார். மூவரும் பல வருஷத்துச் சிநேகிதர்கள்.

முதல் நாள் மீன் கிடைத்தது. இரண்டாம் நாள் விடியும்போதே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. ஓலைக் குடிசை பறந்தது. பக்கத்திலேயே ஒரு மரம் வேரோடு சாய்ந்தது. வெள்ளம் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம், வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள் என்று அப்பாவு கெஞ்சினான். சூசைநாதன் இதோ அதோ என்று இழுத்தடித்தார். கடைசியில், நீங்கள் வராவிட்டால் நான் ஒருத்தனாகவே போகிறேன் என்று அப்பாவு மூட்டையைக் கட்டியபோதுதான் கயிற்றை வெட்டினார்.

பெத்தபெருமாள் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார். அவருக்கும் கோபம்தான். கிராணிக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று வாய்விட்டே கேட்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் வெள்ளம் வடியவில்லை. நனைந்த விறகு புகைந்தது. மீன் பாதி வெந்தும் வேகாமலும் வயிற்றுக்குள் போனது. அப்பாவு மனசுக்குள் அவரை வைதபடியே கிடந்தான். இவருக்கென்ன, ஆபீசில் அரிசி கிடைக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு வந்தவன் படுகிற பாடு இவருக்கு எங்கே தெரியப் போகிறது?

நான்காம் நாள் காலையில் வெள்ளம் வடிந்தது. மூங்கில் வெட்டிப் புதுத் தெப்பம் கட்டினார்கள். பாதி ஆற்றுக்கு வந்ததும் சூசைநாதன் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார்.

"சயாமுல ரயில் பாதை போட நாப்பது ஆளு கேட்டாங்க, அப்பாவு. நேத்து லாரி வந்திருக்கும். மேலாளரு சொல்லச் சொல்ல, பட்டியல நான்தான் எழுதினேன். உன் பேரும் அதுல இருக்கு."

துடுப்புக் கம்பு அப்பாவுவின் கையில் அப்படியே நின்றது.

சயாமுக்குப் போனவர்களில் ஒருத்தர்கூட இன்னும் திரும்பவில்லை என்பது தோட்டத்துக்கே தெரியும்.

"ஒரு பேரைத்தான் மாத்த முடிஞ்சிச்சு. எந்தம்பி பெர்னார்ட் பேரை எடுத்துட்டேன். கூடப் பொறந்தவன் லா, மனசு கேக்கல. உன்ன மறைக்க எனக்கு இந்தக் காட்டை விட்டா வேற வழி தெரியல."

முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பாவு கேட்டான். சொல்லியிருந்தால் நல்லம்மாளை விட்டுவிட்டு நீ வந்திருப்பாயா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"மத்தவங்க?" என்றார் பெத்தபெருமாள்.

சூசைநாதன் அக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுவுக்கு லயத்து வீடுகளில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதற்கு நடுவிலும், நான் தப்பித்துவிட்டேன் என்று நெஞ்சு நிம்மதியாக மூச்சு விட்டது. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. சூசைநாதனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மதியம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். லயத்தில் சத்தமே இல்லை. குழாயடியில் பெண்கள் இருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நல்லம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து கிடந்தது. புருஷனையோ அவன் கையிலிருந்த மீனையோ அவள் பார்க்கவில்லை. வீங்கிய காலோடு எழுந்து வந்து, நேராக சூசைநாதனின் காலில் விழுந்தாள்.

இவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, நன்றி சொல்கிறாள் என்றுதான் அப்பாவு நினைத்தான். அவனுக்கும் கண் கலங்கியது.

சூசைநாதன் பதறிப்போய்க் குனிந்து அவளைத் தூக்கினார்.

"லாரிக்காரன் இவரு பேரைக் கூப்பிட்டான் அண்ணே. ஆளு இல்லேன்னதும், அப்ப நீ ஏறுன்னு என் முடியைப் பிடிச்சு இழுத்தான்" என்றாள் நல்லம்மாள். "உங்க பெர்னார்ட் தம்பிதான் ஓடியாந்து, ‘நான்தான் அப்பாவு’ன்னு சொல்லிட்டு லாரியில ஏறிருச்சு."